இரண்டு கையுள்ள சட்டை

உங்கள் டிரங்குப் பெட்டிக்குள் இரண்டு கையும் முழுசாக இருக்கிற சட்டை ஒன்று கிடந்தது.

கருமாதி முடிந்து ஒரு மாதமாகியும் யாரும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, அம்மாவே சாவியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை. அடியில் பட்டாளத்துக் கம்பளி, அதன்மேல் மெடல் கிடக்கிற தகர டப்பா, எல்லாவற்றுக்கும் மேலே பொங்கல் கழிந்து எடுத்த வெள்ளைச் சட்டை. மடிப்புக் கலையவில்லை, கடைக் கஞ்சியின் மொடமொடப்புக்கூடப் போகவில்லை. தோள்பட்டையில் பிடித்து விரித்தேன். வலது கை தொங்கியது. இடது கையும் தொங்கியது, நுனியில் பொத்தானோடு.

"வெட்டணும் வெட்டணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அவுக போயிட்டாக" என்றாள் அம்மா.

எனக்கு அழுகை வரவில்லை. வராது என்று தெரியும். வெகுநேரம் காலை மடக்கி உட்கார்ந்து எழுந்தவளுக்குத் தன் கால் இருப்பதே தெரியாது, கிள்ளிப் பார்ப்பாள். நீங்கள் போன நாளிலிருந்து எனக்கு உள்ளே அப்படித்தான் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகிறேன், வருகிறேன், சோறு தின்கிறேன். ருசி தெரிகிறதா என்று யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும்.

கடிதம் எழுதுகிறவர் முதலில் யாருக்கு என்று கூப்பிட்டு எழுத வேண்டும், அன்புள்ள இன்னாருக்கு என்று, இதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுக்கிறேன். எழுதாத பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் குறைப்பேன். இந்தக் கடிதத்தில் அந்த இடத்தை விட்டுவிட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஒரே சட்டிச் சோறு தின்று, உங்களை நான் ஒரு தடவைகூட அய்யா என்று கூப்பிட்டதில்லை.

எனக்கு அதற்கு முன்பே ஒரு அய்யா இருந்தார். அதுதான் காரணம்.

நீங்கள் பட்டாளத்தோடு மலேயாவுக்குக் கப்பல் ஏறியபோது எனக்கு ஒன்றரை வயது. அடுத்த வருஷமே கடுதாசி நின்றுவிட்டது. செத்தார் என்ற சேதியும் இல்லை, இருக்கிறார் என்ற சேதியும் இல்லை. அம்மா கோடாங்கியிடம் குறி கேட்கப் போனாள். "அவன் உருவத்தை மண்ணுல செஞ்சு அய்யனாரு காலடியில நிறுத்து. சாமி அவனத் தன் ஆளுன்னு நெனச்சுக் காபந்து பண்ணும்" என்று கோடாங்கி உடுக்கை அடித்துச் சொன்னான். நம் ஊர் கடலாடிக்குப் பக்கம், மண்ணுக்குப் பஞ்சமில்லை, அய்யனாருக்கும் பஞ்சமில்லை. குதிரை செய்து வைப்பார்கள், பிள்ளை உருவம் செய்து வைப்பார்கள். அம்மா உங்களைச் செய்யச் சொன்னாள்.

குதிரை செய்கிற வேளார்தான் அந்தக் கோயிலுக்குப் பூசாரியும். அவர் பட்டாளத்துக்காரனைக் கண்ணால் கண்டவரில்லை, கடலாடி ஸ்டேஷன் போலீஸ்காரரைத்தான் கண்டிருக்கிறார். ஆகவே உங்களுக்குப் போலீஸ் தொப்பி வைத்தார். ஆள் உயரம், முறுக்கு மீசை, முட்டைக் கண், வலது கையில் நாட்டுத் துப்பாக்கி. காலில் சப்பாத்து இரண்டும் சுரைக்குடுக்கை மாதிரி. சூளையிலிருந்து எடுத்தபோது இடது கையில் விரிசல் விட்டிருந்தது. எட்டு நாள் பொறுத்தால் வேறு கை செய்து சுட்டுத் தருகிறேன் என்றாராம் வேளார். அந்த எட்டு நாளில் அங்கே என்ன ஆகுமோ என்று அம்மாவுக்குப் பயம். அவள் அவசரப்படுத்த, விரிசலில் களிமண்ணை அப்பி, மேலே காக்கி வண்ணத்தைப் பூசிக் கொடுத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா என்னை அங்கே தூக்கிக்கொண்டு போவாள். "அய்யாவுக்குக் கும்பிடு போடு" என்பாள். போடுவேன். "அய்யா, போயிட்டு வாரேன்னு சொல்லு" என்பாள். சொல்லுவேன். நடக்கத் தெரிந்த பிறகு நானே ஓடிப்போய் முன்னால் நிற்பேன். பல் விழுந்ததை அவரிடம் சொன்னேன். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டதைச் சொன்னேன். சித்தப்பா மகன் என்னைக் கிணற்றடியில் தள்ளிவிட்டதைச் சொல்லி, துப்பாக்கியால் சுடச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்.

சுதந்திரம் வந்த வருஷம், சித்திரை மாதம். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எங்கோ வடக்கே ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் கடுதாசி வந்திருந்தது. உயிரோடு இருக்கிறேன், குணமாகி வருகிறேன் என்று இரண்டே வரி. கை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏன் எழுதவில்லை என்று அம்மா பிற்பாடு கேட்டதற்கு, "இடது கைதானேன்னு விட்டுட்டேன்" என்றீர்களாம்.

ராமநாதபுரம் ஸ்டேஷனில் அம்மாவும் சித்தப்பாவும் நானும் நின்றோம். எனக்கு ஏழு வயது. தலையில் மரிக்கொழுந்து வைத்துக் கூட்டிப் போயிருந்தார்கள். முட்டைக் கண்ணும் முறுக்கு மீசையுமாக ஒரு சிவப்பு ஆள் இறங்குவார் என்று பெட்டி பெட்டியாகப் பார்த்தேன். ஒல்லியாக, வெளுத்துப்போய், இடது சட்டைக் கையை மடித்து ஊசி குத்திய ஒருவர் இறங்கினார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் அம்மாவைப் பார்த்தீர்கள், சித்தப்பாவைப் பார்த்தீர்கள், பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்து வலது கையை நீட்டினீர்கள்.

"ஆத்தா, வா. அய்யாகிட்ட வா."

நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "இவுக எங்க அய்யா இல்ல. எங்க அய்யாவுக்கு ரெண்டு கை."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். நீங்கள், "விடு, பிள்ள சொல்றதுல என்ன தப்பு" என்று சொல்லி எழுந்து தகரப் பெட்டியைத் தூக்கினீர்கள். நீட்டிய கையை அப்படியே பெட்டிக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை பொங்கல் வைக்கக் கோயிலுக்குப் போனோம். நீங்கள் அந்த மண் சிப்பாயைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தீர்கள். "தொப்பி போலீஸ்காரன் தொப்பி. மத்தபடி என்னையவிட நல்லாத்தான் இருக்கான்" என்றீர்கள். அம்மா அதன் இடது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எட்டு நாள் பொறுத்திருந்தால் இந்தக் கை போயிருக்காது, என் அவசரம்தான் உங்கள் கையை எடுத்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டாள். "போடி கிறுக்கி. மண்ணுல விரிசல் விட்டா மனுசனுக்கு என்ன" என்றீர்கள். அவள் நம்பவில்லை.

"ஆளுதான் வந்துட்டேனே, இத எடுத்துருவமா?" என்று வேளாரிடம் கேட்டீர்கள்.

"சாமிக்குக் குடுத்தது குடுத்ததுதான். ஒடைக்கவும் கூடாது, ஒட்டவும் கூடாது. அதுவா மழையில நனைஞ்சு மண்ணாப் போகணும்" என்றார் வேளார்.

நான் அந்தச் சுரைக்குடுக்கைச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு சொன்னேன், "அய்யா, இவுகள அவுக வீட்டுக்குப் போகச் சொல்லுங்க." மெதுவாகத்தான் சொன்னேன். உங்கள் காதில் விழுந்தது. நீங்கள் திரும்பிக்கொண்டு பீடி பற்றவைத்தீர்கள். ஒற்றைக் கையால் தீக்குச்சி உரசுவதற்குப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டீர்கள். இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு தெளிவாக நினைவிருக்கிறது என்று தெரியவில்லை. மறந்து தொலைத்திருக்கலாம்.

பிறகு புதுமடம். அங்கே கருவாட்டு வியாபாரி மரைக்காயர் சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கிக்குக் காவல்காரராக நீங்கள் சேர்ந்தீர்கள். கிட்டங்கிக்குப் பின்னால் நமக்கு ஒரு ஓட்டு வீடு. தம்பி பிறந்தான். அவன் பேசக் கற்ற நாளிலிருந்து மூச்சுக்கு மூச்சு அய்யா, அய்யா. நான் அவனைத்தான் தூது அனுப்புவேன். "தம்பி, சாப்பிட வரச் சொல்லு." அவன் இல்லாவிட்டால் பக்கத்தில் போய் நின்று செம்பைத் தரையில் வைப்பேன், சத்தம் கேட்டு நீங்கள் திரும்புவீர்கள். ஏழு வயதில் அது வெறும் பிடிவாதம். வளர வளரக் கூப்பிட ஆசைதான் இருந்தது, ஆனால் இத்தனை நாள் கழித்துத் திடுதிப்பென்று கூப்பிட்டால் நீங்கள் என்னைப் பார்ப்பீர்களே, அந்தப் பார்வைக்குப் பயந்தேன். அப்புறம் அது பழகியும் விட்டது. கூப்பிடாமலே ஒரு மனிதரோடு எல்லாம் பேசிவிடலாம், நான் பேசியிருக்கிறேன்.

அந்த வீட்டில் அம்மா உங்கள் ஒவ்வொரு புதுச் சட்டைக்கும் இடது கையை முழங்கைக்கு மேலே வெட்டுவாள். வெட்டிய துண்டை வீசமாட்டாள். முழங்கைப் பக்கத்தைத் தைத்து அடைத்துவிட்டால் அது பை. மணிக்கட்டுப் பக்கம் வாய், மூடுவதற்குப் பொத்தான். மல்லி ஒரு கையில், மிளகாய் வத்தல் ஒரு கையில், உப்பு ஒரு கையில் என்று அடுப்படி ஆணிகளில் உங்கள் கைகள் வரிசையாகத் தொங்கின. மரைக்காயர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "பட்டாளத்தாரே, அல்லா ஒரு கைய எடுத்துட்டு ஒம்பது கையில்ல குடுத்திருக்கான்" என்றார். இல்லாத கையின் சுண்டுவிரல் உங்களுக்கு அடிக்கடி அரிக்கும். "ஏய், அந்த மல்லிப் பைய லேசாச் சொறிஞ்சு விடு, அரிக்குது" என்று அம்மாவிடம் சொல்வீர்கள். அம்மா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததெல்லாம் அந்த அரிப்பு வந்த நாட்களில்தான்.

அந்தக் கை எப்படிப் போனது என்று டீக்கடையில் ஒரு கதை சொன்னீர்கள், தம்பிக்குப் புலிக் கதை சொன்னீர்கள். ஜப்பான்காரன் உங்களைப் பிடித்துவைத்து ரயில் பாதை போடச் சொன்னதும், மரக்கட்டை விழுந்து நசுங்கியதும், புண் அழுகியதும், கூட இருந்தவர்கள் அமுக்கிப் பிடித்துக்கொள்ள அறுத்ததும் மரைக்காயருக்குத்தான் சொல்லியிருக்கிறீர்கள். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், உங்களிடம் நான் கேட்டதில்லை. கேட்பதற்கு முதலில் கூப்பிட வேண்டுமே.

எனக்கு உச்சிப்புளிப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை கிடைத்தது. அன்று அம்மா ஒரு இடது கையைச் சாக்பீஸ் பையாக்கித் தந்தாள். கல்யாணமும் ஆனது. அவருக்கு மதுரையில் மில் வேலை, மாதம் ஒருமுறை வருவார், ஆகவே நான் நம் வீட்டிலேயே இருந்தேன். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று, "அம்மா, போயிட்டு வாரேன்" என்பேன். நீங்கள் கிட்டங்கிச் சாவியோடு வேப்பமரத்தடியில் நிற்பீர்கள். அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பதற்கு முன்னால் நீங்கள், "சரித்தா, போயிட்டு வா" என்பீர்கள். ஒரு நாள் தவறியதில்லை. உங்களிடம் சொல்லாத சொல்லுக்கு நீங்கள் தினமும் பதில் சொன்னீர்கள்.

தனுஷ்கோடி போன அந்த மார்கழிப் புயலில் கிட்டங்கி ஓடெல்லாம் பறந்துவிட்டது. நமக்கு உயிருக்குச் சேதமில்லை. ஒரு வாரம் கழித்து, சித்தப்பா வீடு என்ன ஆனதோ என்று பார்க்க நாம் மூன்று பேரும் ஊருக்குப் போனோம். அவர்களும் நன்றாகத்தான் இருந்தார்கள். திரும்பும் வழியில் நீங்களே கோயில் பக்கம் திரும்பினீர்கள். புளியங்கொப்பு ஒன்று முறிந்து மண் சிப்பாய் மேல் விழுந்திருந்தது. தொப்பி இல்லை. வண்ணம் எப்போதோ போய்விட்டது. துப்பாக்கி பிடித்த வலது கை தரையில் நாலு துண்டாகக் கிடந்தது. இடது கை அப்படியே இருந்தது.

அம்மா கிட்டே போய் அந்தக் கையைத் தடவினாள். "ஒட்டுப் போட்ட கையில்ல நிக்குது" என்றாள். திரும்பவும் தடவினாள். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினேழு வருசமா அதத்தானடி சொல்றேன்" என்றீர்கள். துண்டுகளை ஒற்றைக் கையால் பொறுக்கி அதன் காலடியில் ஒதுக்கி வைத்தீர்கள். "இவனுக்கு இடது, எனக்கு வலது. ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு கை ஆச்சு." கொஞ்சம் சிரித்தீர்கள். அப்புறம் என்னைப் பார்க்காமல், அந்தச் சிலையைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். "ஏத்தா, இப்ப இவனுக்கும் ஒத்தக் கைதான். இனி யாரு உங்க அய்யா?"

இருபது வருஷத்தில் நீங்கள் கேட்டது அந்த ஒரு தடவைதான். அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது, பொய்யில்லை. ஆனால் நான் சொன்னது வேறு. "மழை வார மாதிரி இருக்கு. பஸ்ஸு போயிரும்."

வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்கள். "ஆமாத்தா, போவோம்" என்றீர்கள்.

அன்று நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம்.

இந்தத் தை மாதம் உங்களுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இருந்த ஒரு கையும் போயிற்று, பேச்சும் போயிற்று. முதல் நாள் முழுக்க நான்தான் கஞ்சி ஊட்டினேன், வாயைத் துடைத்தேன். இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்ஷன், போய்த் தீர வேண்டியிருந்தது. வாசலில் நின்று, "அம்மா, போயிட்டு வாரேன்" என்றேன். கட்டிலில் உங்கள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. என்ன சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியாதா. திரும்பி இரண்டு எட்டு வைத்திருந்தால் கட்டில். நான் பஸ்ஸுக்குப் போனேன். மறுநாள் மதியம் நீங்கள் போய்விட்டீர்கள்.

ஊரிலிருந்து வந்த பொம்பளைகள் உங்கள் தலைமாட்டில் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். தம்பி தரையில் புரண்டான். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். "ஏத்தா, பெத்த மக வாயத் தொறக்கலன்னா எப்புடி? என்னப் பெத்த அய்யான்னு ஒரு சத்தம் போட்டு அழுதுரு" என்று சித்தி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். காது கேட்டபோது கொடுக்காததைக் காது கேட்காதபோது ஊருக்காகக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வாயை மூடிக்கொண்டே இருந்தேன். படித்த திமிர், கல்நெஞ்சுக்காரி என்றார்கள். இருக்கலாம்.

மரைக்காயர் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "ஒங்க அய்யா ஒரு விசயம் அடிக்கடி சொல்லுவாரும்மா. 'நாலஞ்சு வருசமா வெள்ளி தவறாம எம் மக அந்த மண்ண அய்யா அய்யான்னு கூப்பிட்டிருக்கு. கோடாங்கி பேச்ச நான் நம்பல. ஆனா நான் சாகக் கெடந்து பொழச்சது அந்தக் கூப்பாட்டுலதான், அது மண்ணக் கூப்பிட்டதில்ல, என்னக் கூப்பிட்டது'ன்னு. 'இனிமே கூப்பிடலன்னாலும் எனக்குப் போதும்'னு சொன்னாரு. நல்ல மனுசன். அல்லா அவருக்கு நல்ல எடத்தக் குடுக்கட்டும்."

கேட்டுக்கொண்டேன். அப்போதும் அழுகை வரவில்லை. உங்களுக்குப் போதும் என்பது பெரிய மனசுதான். எனக்குப் போதாது.

நேற்று அந்தப் புதுச் சட்டையை அம்மா மடியில் விரித்து மடிப்பை நீவினாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, வழக்கமான இடத்தில், முழங்கைக்கு மேலே வெட்டினாள். "ஒம் பை நைஞ்சு போச்சுல்ல" என்று மட்டும் சொன்னாள். சாயங்காலத்துக்குள் தைத்துவிட்டாள். மிச்சச் சட்டையின் ஓரத்தையும் மடித்துத் தைத்து, நீங்கள் நாளைக்குப் போடப்போகிற மாதிரி பெட்டிக்குள் வைத்தாள்.

இன்று காலை அதில் சாக்பீஸ் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வேப்பமரத்தடியில் யாருமில்லை. கிட்டங்கிக்குப் புதுக் காவல்காரர் வந்துவிட்டார், அவர் திண்டுக்கல்காரர், வேறு பக்கம் உட்காருகிறார். நான் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றேன்.

"அய்யா, போயிட்டு வாரேன்."

அடுப்படியில் அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. நானும் நின்றேன், பதில் வருகிற நேரம் மட்டும். பிறகு புளி கரைக்கும் சத்தம் திரும்பக் கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பொத்தானைப் போட்டு, பையை மணிக்கட்டுப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.